பால்பாண்டி மாமாவோட கால்வலி ஊர் சுத்தின கதை

செல்லக்கனி அத்தை வீட்டுக் காதுகுத்து அன்னிக்கு, ஆசாரி இன்னும் ஊசியைக் கையில கூட எடுக்கல, அதுக்குள்ள ஒரு அலறல் சத்தம், புள்ளைதான் பயந்து கத்துதுன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தா புள்ள பாட்டுக்குப் பலூனைக் கடிச்சுக்கிட்டு இருக்கான், அத்தைதான் ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, "ஆத்தாடி, என் உள்ளங்கால்ல யாரோ கடுகு தாளிக்காங்களே"ன்னு கூப்பாடு போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது இவ்வளவுதான். அத்தை ஒரு ஜாங்கிரியை பால்பாண்டி மாமா வாய்க்கு நேரா கொண்டு போய், "ஒண்ணும் ஆகாது, வாயைத் தொறங்க அண்ணாச்சி"ன்னாங்க. மாமா தொறந்தாரு. ஜாங்கிரி உள்ள போச்சு. அவர் கால்ல வருஷக்கணக்கா குடித்தனம் இருந்த வலி, வாடகை வீட்டைக் காலி பண்றவன் மாதிரி சட்டி பானை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு, நேரா செல்லக்கனி அத்தை கால்ல போய்ப் பால் காய்ச்சிருச்சு.

பால்பாண்டி மாமாவைத் தெரியாதவங்க விருதுநகர்ல வத்தல்பேட்டைத் தெருவுல கிடையாது. தொழில்னு பாத்தா மிளகாய் வத்தல் புரோக்கர். ஆனா அது சும்மா பேருக்கு. அவரு பொறந்தது பந்தி விசாரிக்கிறதுக்கு. யார் வீட்டு விசேஷமா இருந்தாலும் சரி, பந்தியில இலை விழுந்ததும் தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு வரிசை வரிசையா நடப்பாரு, யார் இலையில அப்பளம் ஒடஞ்சிருக்கு, யாரு ரசத்துக்குக் காத்திருக்கா, யாரு பாயசத்தை வெட்கப்பட்டுக்கிட்டு வேணாங்கிறா, எல்லாம் அவருக்குப் பாத்த ஒடனே தெரியும், குனிஞ்சு இலையை மறைக்கிறவன் கையைச் செல்லமா ஒரு தட்டு தட்டி, "அட, ஒண்ணும் ஆகாது, வையிப்பா"ன்னு சொல்லி இன்னொரு கரண்டி விழ வச்சுட்டுத்தான் நகருவாரு. அவர் விசாரிக்காத பந்தியில சாப்பிட்டா எங்க ஊர்ல ஏப்பம் கூட ஒழுங்கா வராது.

இப்படி ஊரையே ஊட்டி வளத்த மனுஷனுக்குச் சுகர் வந்துச்சு. வந்தது சும்மா இருக்காம காலுக்கு எறங்குச்சு. பாதம் எரியும், ஊசி குத்தும், எறும்பு ஊறும், படுத்தா போர்வை பட்டாலே தீ பட்ட மாதிரி துள்ளுவாரு, நடந்தா செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம வெறுங்கால்ல வீடு வந்து சேருவாரு. சுகர் டாக்டரம்மா சொன்னாங்க, "மாத்திரையை விடக்கூடாது, சோத்தைக் குறைங்க, இனிப்பை நிறுத்துங்க, முட்டை, கீரை, மீனு, காய்கறின்னு தட்டை மாத்துங்க, காலு மெல்ல வழிக்கு வரும்." விஜயராணி அத்தை, அதான் மாமாவோட வீட்டம்மா, அன்னிக்கே காலிஃபிளவரைத் துருவிச் சோறுன்னு சொல்லி வச்சாங்க. மாமா அதைப் பாத்துட்டு, "ராணி, சோறு செத்துப்போயி ஆவியா வந்துருக்கா?"ன்னு கேட்டாரு. ஆனாலும் சாப்பிட்டாரு. மக சுபாஷினிக்கு வரன் பாத்துக்கிட்டு இருந்தாங்க, மக கல்யாணத்துல ரெண்டு கால்லயும் நடந்து பந்தி விசாரிக்கணும், அந்த ஒரு ஆசைக்காகத்தான் அந்த ஆவியை முழுங்குனாரு.

ஆனா ஊரு விடணும்ல. எங்க தெருவுல ஒரு மனுஷனைப் பாத்தா சாப்பிடச் சொல்லாம விடுறது, அவன் மூஞ்சியில துப்புறதுக்குச் சமம். மாமா வாசல்ல காலை வச்சா போதும், ஒருத்தர் பனியாரத்தோட வருவாரு, ஒருத்தர் அதிரசத்தோட வருவாரு, எல்லார் வாயிலயும் அவரு சொல்லிக் குடுத்த அதே பாட்டுதான், ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது. உண்மையிலேயே அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனதெல்லாம் மாமாவுக்குத்தான். அந்த ஜாங்கிரி வரைக்கும்.

ஜாங்கிரிக்கு அப்புறம் ஆட்டம் மாறிப்போச்சு. கோயில் பூசாரி சக்கரைப் பொங்கலை நீட்டி, "அம்மன் பிரசாதம், ஒண்ணும் ஆகாது"ன்னாரு, அன்னிக்கு தீபாராதனை பூராத்தையும் ஒத்தக் கால்லயே முடிச்சாரு, சனம் அதைப் பெரிய தவம்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிச்சு. பேட்டை கணக்கப்பிள்ளை ஒரு லட்டு குடுத்துட்டு வத்தல் மூட்டை மேல ஏறி உக்காந்துக்கிட்டு தரையில கால் வைக்க மாட்டேன்னுட்டாரு. தின்னது செரிக்கிற வரைக்கும் வலி குடுத்தவங்க கால்ல இருக்கும், செரிச்சதும் மாமா கால்லயே வந்து படுத்துக்கும். கொஞ்ச நாள்ல ஊருக்கே கணக்கு புரிஞ்சு போச்சு. இட்லின்னா எறும்பு ஊறும். பரோட்டான்னா பாதம் அடுப்பாகும். மைசூர்பாகுன்னா முட்டி வரைக்கும் கரண்டு.

யாராவது ஆச்சரியப்பட்டாங்களான்னு கேட்டா, எங்க நேரம் இருந்துச்சு? அதை எப்படிப் பயன்படுத்தலாம்னு யோசிக்கவே பொழுது பத்தல. பள்ளிக்கூடத்துப் பசங்க பரீட்சை அன்னிக்குக் காலையில மாமா வீட்டு வாசல்ல கடலைமிட்டாயோட வரிசையில நின்னாங்க, லீவு லெட்டர்ல பொய் எழுத வேணாம் பாருங்க. மாமியார் வந்து டேரா போட்ட வீட்டுல எல்லாம் மருமகன்மாரு, "அத்தை, பெரிய மனுஷரு, உங்க கையால ஒரு லட்டு குடுத்து, நல்லா உபசரிச்சுட்டு வாங்க"ன்னு பாசமா அனுப்பி வச்சாங்க. மறுநாளே மாமியார் ஊருக்குப் பஸ் ஏறிட்டாங்க.

அந்த வார்த்தையிலதான் விஷயமே இருக்குன்னு கண்டுபிடிச்சது டீக்கடை பேச்சிமுத்துவாலதான். பேர்ல மட்டும்தான் அந்தாளுக்குப் பேச்சு, மத்தபடி வாயே தொறக்க மாட்டாரு. தெனமும் சீனி போட்ட டீயை மாமா கையில குடுத்துக்கிட்டே இருந்தாரு, அவருக்கு மட்டும் ஒரு எறும்பு கூட ஊறல. ஒரு நாள் நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, "எண்ணே, மாமா டீயைப் பாத்துத் தயங்குறாருல்ல, ஏதாச்சும் ஆறுதலா சொல்லுங்க"ன்னேன். பேச்சிமுத்து அண்ணன் தொண்டையைச் செருமி, "ஒண்ணும் ஆகாது"ன்னாரு. அடுத்த நொடி பாய்லரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, அம்புட்டு வருஷமா சேத்து வச்ச கெட்ட வார்த்தை மொத்தத்தையும் என் மேல கொட்டினாரு. அன்னிக்குத்தான் தெரிஞ்சது, குடுக்கிற கைக்கு இல்ல, ஒண்ணும் ஆகாதுன்னு பொறுப்பேத்துக்கிற வாய்க்குத்தான் வலி போகுதுன்னு.

மாமாவுக்கா, ஒரே கொண்டாட்டம். வலி இல்லாத கால் கிடைச்சதும் மனுஷன் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி தெருவுல நடந்தாரு, படி ஏறினாரு, தேவையே இல்லாம படி எறங்கினாரு, காலிஃபிளவரைத் தொடவே இல்ல. விஜயராணி அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. "வலிதான ஊருக்குப் போகுது, சுகர் உங்க ஒடம்புலதான இருக்கு, மெஷின்ல பாருங்க, நம்பரு வெயில் காலத்து வத்தல் விலை கணக்கா ஏறுது!"

"அட, விடு ராணி, ஒண்ணும்..."னு ஆரம்பிச்ச மாமா சட்டுனு நிறுத்திக்கிட்டாரு.

ஒரு சாயங்காலம் சிக்கந்தர் பாய் பரோட்டாக் கடையில நின்னு மாமா கதை சொல்லிக்கிட்டு இருந்தாரு. கொஞ்சம் முன்னாடிதான் பாய் மாமாவுக்கு இன்னும் ரெண்டு பரோட்டா போட்டு, மறந்தாப்ல அந்த வார்த்தையையும் சொல்லித் தொலைச்சிருந்தாரு. மாமாவோட செருப்பு எப்பவும் போல அவருக்கே தெரியாம கழண்டு கெடந்துச்சு. அடுப்புல இருந்து ஒரு நெருப்புத் துண்டு உருண்டு வந்துச்சு. மாமா அது மேல காலை வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, சிவகாசிக் கல்யாணத்துல சாம்பார் தீந்துபோன கதையைச் சொல்றாரு. உள்ள கல்லுக்குப் பக்கத்துல நின்ன பாய் துடிச்சுப் போயி, மாவை வீசிட்டு, "யா அல்லா! அண்ணாச்சி! காலை எடுங்க! என் காலு வேகுது!"ன்னு அலறினாரு.

மாமா குனிஞ்சு பாத்தாரு. புகை வந்துக்கிட்டு இருந்துச்சு. அவருக்குச் சுள்ளுன்னு கூட இல்ல.

டாக்டரம்மா கிட்ட ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போனோம். அவங்க கொஞ்சங்கூட அசரல. பாயை ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சாங்க, மாமாவை இன்னொரு ஸ்டூல்ல, மாமா கால்ல மருந்தை வைக்கிறது, பாய் மூஞ்சியைப் பாத்து, "இங்கயா? இங்க வலிக்குதா?"ன்னு கேக்கிறது. "இன்னும் கொஞ்சம் கீழ டாக்டரம்மா, ஆ, அங்கதான்"னு பாய் சொல்ல, மாமா வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாரு.

கட்டுப் போட்டு முடிச்சுட்டு டாக்டரம்மா மாமா பக்கம் திரும்பினாங்க. "இன்னிக்கு பாய் பக்கத்துல நின்னு கத்தினாரு, பொழச்சீங்க. அடுத்த தடவை உங்க வலியை வாங்கினவரு பஸ் ஏறி வெளியூரு போயிருந்தாருன்னா, புண்ணு இருக்கறதே தெரியாம சீழ் புடிச்சு, வெரலை எடுக்கணும், அப்புறம் பாதத்தை எடுக்கணும். மக கல்யாணத்துல பந்தி விசாரிக்கப் போறீங்களா, இல்ல ஒரு ஓரமா சேர்ல உக்காந்து வேடிக்கை பாக்கப் போறீங்களா?"

மாமா கட்டுப் போட்ட காலையே பாத்துக்கிட்டு இருந்தாரு, ஏதோ அடுத்த வீட்டுக்காரன் காலு மாதிரி.

அன்னிக்கே எங்க தெரு அந்த வார்த்தையைத் தலை முழுகிருச்சு. ஊசி போடுற நர்சம்மா கூட, "லேசா வலிக்கும், வலிச்சா கத்துங்க"ன்னு உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. கரண்டு வேலை பாக்குறவன், "தொட்டுப் பாரு, ஏதாச்சும் ஆனாலும் ஆகும்"னான். கல்யாண புரோக்கர் வாயடைச்சுப் போயி தொழிலையே விட்டுட்டாரு. மாமா தெருவுல வந்தா பனியாரச் சட்டி மூடிக்கும், பலகாரத் தட்டு முந்தானைக்குள்ள போயிரும், பேச்சிமுத்து அண்ணன் சீனி டப்பா மேலயே ஏறி உக்காந்துக்குவாரு.

வீட்டுல விஜயராணி அத்தை ராஜ்ஜியம். காலையில முட்டை, மதியம் கீரை, கத்திரிக்காய், மீன் கொழம்பு, அதுக்குத் துணையா அந்த ஆவி. வலி மாமா கால்லயே திரும்பி வந்து படுத்துச்சு, ஆனா பழைய ஆட்டம் இல்ல, புண்ணு ஆறுச்சு, மெஷின்ல நம்பரு கீழ எறங்குச்சு, கடுகு தாளிச்ச எடத்துல இப்ப லேசா எண்ணெய் மட்டும் காஞ்சுச்சு. சந்தோஷமாத்தான இருக்கணும்? மாமா வாடிப்போனாரு.

"என்ன மாமா, காலு தேவலைதான, மூஞ்சி ஏன் இப்படி ஊறப்போட்ட அப்பளமா இருக்கு?"ன்னேன்.

"டேய், என்னைய யாரும் சாப்பிடுங்கன்னு சொல்றதே இல்லடா."

"அதான் மாமா நல்லது."

"நல்லதுதான். சோத்தை நிறுத்தினேன், தாங்கிக்கிட்டேன். மைசூர்பாகை நிறுத்தினேன், தாங்கிக்கிட்டேன். நான் ஒரு வாசலைத் தாண்டுறேன், உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவன் என்னையப் பாத்துட்டுக் கதவைச் சாத்துறான். அதைத் தாங்க முடியலடா. ஒரு முட்டை சாப்பிடுறீங்களான்னு கேட்டாக் கூடப் போதும். கேக்கப் பயப்படுறாங்க."

 

இந்த நேரத்துலதான் சுபாஷினிக்கு வரன் அமைஞ்சுச்சு. அருப்புக்கோட்டைப் பையன், பையனோட அப்பா தனுஷ்கோடி, நூல் யாவாரம், வெறப்பான ஆளு, சிரிச்சா மீசை கலைஞ்சிரும்னு நெனச்சுக்கிட்டு இருக்கறவரு. பொண்ணு பாத்து, பூ வச்சு, நிச்சயத்துக்கு நாளும் குறிச்சாச்சு. அப்பத்தான் செல்லக்கனி அத்தை நெஞ்சுல கையை வச்சாங்க. "அடப் பாவிகளா, சீனி போடுற வழக்கத்தை யோசிச்சீங்களா?"

எங்க ஆளுகள்ல நிச்சயத்தன்னிக்குத் தட்டு மாத்துனதும் சம்பந்திமாரு ரெண்டு பேரும் ஒருத்தர் வாயில ஒருத்தர் ஒரே நேரத்துல சீனியைப் போட்டு, "இனிமே ஒரே வீடு"ன்னு சொல்லணும். அப்பத்தான் நிச்சயம் முடிஞ்சதா அர்த்தம். போட மாட்டேன்னா சம்பந்தமே வேணாம்னு அர்த்தம். வெளியூர்க்காரரு, விவரம் தெரியாது, வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிட்டாருன்னா? சபை நடுவுல ஒத்தக் கால்ல குதிச்சாருன்னா? "பொண்ணு வீட்டுல ஏதோ வச்சிருக்காங்க"ன்னு அப்படியே காரைத் திருப்பிருவாரு. சொல்லி வச்சிரலாம்னா, "பொண்ணோட அப்பா வாயில சீனி போட்டா உங்களுக்குக் கால் எரியும்"னு எந்த வாயை வச்சுக்கிட்டுச் சொல்றது?

தெருவே கூடி யோசிச்சுச்சு. சீனிக் கிண்ணத்துல வெள்ளையா தேங்காய்த் துருவலை வச்சிருவோம்னு விஜயராணி அத்தை சொன்னாங்க, தேங்காய்ல அவ்வளவா மாவுச்சத்தும் கிடையாது, பாக்கவும் சீனி மாதிரியே இருக்கும். எல்லாரும் கையைத் தட்டினோம். பாய் கூட நிம்மதியா ஒரு பரோட்டா சாப்பிட்டாரு.

நிச்சயத்தன்னிக்கு பாத்தா, தனுஷ்கோடி வெள்ளிக் கிண்ணத்துல அவரே சீனி கொண்டு வந்துட்டாரு.

தெரு மொத்தமும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னோம். தட்டு மாத்தியாச்சு. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நின்னு ஆளுக்கொரு சிட்டிகை சீனியை எடுத்தாங்க. மாமா வாயைத் தொறந்தாரு. தனுஷ்கோடி தொறக்கல. மீசை லேசா ஆடுச்சு, நெத்தி வேர்த்துச்சு, மாமா விரல்ல இருக்கற சீனியை ஏதோ தேளைப் பாக்கற மாதிரி பாத்தாரு. சபையில முணுமுணுப்பு கெளம்பிருச்சு. "என்னப்பா, சம்பந்தி யோசிக்கிறாரு?" சுபாஷினி தலையைத் தூக்கிப் பாத்தா, கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அதை மாமா பாத்துட்டாரு.

இத்தன வருஷமா பந்தியில இலையை மறைச்சவன் கையை எல்லாம் தட்டின மனுஷன்தான? தயங்குற ஒரு ஆளு எதிர்ல நின்னா அவரு நாக்கு அவரு பேச்சைக் கேக்குமா? "அட, ஒண்ணும் ஆகாது சம்பந்தி, வாயைத் தொறங்க"ன்னுட்டாரு.

தனுஷ்கோடியும் வெறப்பை விடாம, "எனக்கென்ன பயம், உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, நீங்களும் தொறங்க"ன்னாரு.

ரெண்டு சீனியும் ஒண்ணா உள்ள போச்சு.

தனுஷ்கோடி சடார்னு காலைத் தூக்கினாரு. அதை நாங்க எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். ஆனா மாமாவும் தூக்கினாரு பாருங்க, அங்கதான் எங்க எல்லாருக்கும் தாடை தொங்கிருச்சு. ஒருத்தர் "எரியுது"ன்னு துள்றாரு, இன்னொருத்தர் "கரண்டு, கரண்டு"ன்னு துள்றாரு, விழுந்துராம இருக்க ஒருத்தர் தோளை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு, நிச்சயதார்த்த மேடையில சம்பந்திமாரு ரெண்டு பேரும் நொண்டி ஆடுறாங்க. நாதஸ்வரக்காரரு எதுவும் புரியாம, இது ஏதோ வழக்கம் போலன்னு வேகமா ஒரு உருப்படியை எடுத்து விட்டாரு.

மாமாதான் மொதல்ல நின்னாரு. "சம்பந்தி, இது என் வலி இல்ல. என்னோடது அடுப்பு. இது கரண்டு." தனுஷ்கோடி காதுக்கிட்டப் போயி, "உங்களுக்கும் சுகரா?"ன்னாரு.

தனுஷ்கோடி மீசை மொத்தமா கலைஞ்சு போச்சு. "சத்தமா கேக்காதீங்க, வீட்டுல தெரியாது"ன்னாரு.

"என்ன தெரியாது?"ன்னு பின்னாடி இருந்து அவரு சம்சாரம் குரல் வந்துச்சு.

அப்புறம் அரை மணி நேரம் அவங்க குடும்ப விவகாரம், அதை நான் சொல்றது நல்லா இருக்காது. சுருக்கமா சொன்னா, நூல் கடையில மேசைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த மாத்திரைப் பட்டை எல்லாம் வெளிய வந்துச்சு, சம்பந்தியம்மா அழுதாங்க, திட்டினாங்க, கடைசியா விஜயராணி அத்தை கையைப் புடிச்சுக்கிட்டு, "மதினி, காலிஃபிளவரைத் துருவி ஏதோ செய்யிறீங்களாமே, எப்படி?"ன்னு கேட்டாங்க. நிச்சயம் முடிஞ்சது.

ஆனா ஒண்ணு. சீனி செரிச்ச பொறகும் அந்த வலிங்க வீடு திரும்பல. ஒரே நேரத்துல கெளம்பி, நடுவழியில ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போனதால ரெண்டுக்கும் வழி மறந்துருச்சு. மாமாவோட அடுப்பு அருப்புக்கோட்டையிலயே தங்கிருச்சு, சம்பந்தியோட கரண்டு வத்தல்பேட்டைக்குக் குடி வந்துருச்சு. இனிமே மாமா ஒரு லட்டைத் தின்னா எரியிறது சம்பந்தி காலு. சம்பந்தி ஒரு கவளம் கூடத் தின்னா ஷாக் அடிக்கிறது மாமாவுக்கு. டாக்டரம்மா பயமுறுத்தி நடக்காதது, அத்தை அழுது நடக்காதது, அன்னிக்கு ஆரம்பிச்சு தன்னால நடந்துச்சு. தனக்கு வலிக்கும்னா நாக்கு கேக்காது. அடுத்தவனுக்கு வலிக்கும்னா, அதுவும் மகளைக் குடுக்கப் போற வீடுன்னா, ஜாங்கிரி கூட வெறும் மஞ்சக் கயிறாத்தான் தெரியுது.

காலையில அருப்புக்கோட்டையில இருந்து போன் வரும், எடுத்ததுமே மாமா கேப்பாரு. "சம்பந்தி, நேத்து சாயங்காலம் கேசரியா?"

"ஒரே ஒரு கரண்டி சம்பந்தி, கோயில்ல குடுத்தாங்க."

"என் சுண்டுவெரலு சொல்லுச்சு. உங்க பக்கம் செருப்பு கழண்டு கெடக்கும், பாத்துப் போடுங்க, இப்பத்தான் கல்லு குத்துச்சு."

"ஆமா, இந்தா போட்டுட்டேன். நீங்க முட்டை சாப்பிட்டீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் மாமா விடியுறப்பவே போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாருங்கிறது எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்னிக்கு மாமா ரெண்டு கால்லயும் நடந்து பந்தி விசாரிச்சாரு. காலுக்குப் புதுசா மெத்துன்னு செருப்பு, தோள்ல துண்டு, கூடவே பக்கத்து வரிசையில தனுஷ்கோடி. இலையை மறைச்சவங்க கையை மாமா தட்டல. "போதுமாப்பா? வயித்துக்குப் போதும்னா போதும்"னு சொல்லிட்டு நகந்தாரு. சனம் திகைச்சுப் போயி, அவரு நகந்ததும் தானாவே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச்சு.

கடைசிப் பந்தியில தனுஷ்கோடி மாமாவைத் தோளைப் புடிச்சு உக்கார வச்சு, எதிர்ல இலையைப் போட்டாரு. சோறு இல்லாத இலை. கூட்டு, பொரியல், அவியல், கீரை. அவர் கையாலயே பரிமாறினாரு, குனிஞ்சு, பந்தி விசாரிக்கிறவங்க குனியிற மாதிரியே குனிஞ்சு, "இன்னும் கொஞ்சம் அவியல் வைக்கவா சம்பந்தி?"ன்னாரு. மாமா பழக்கதோஷத்துல கையை வச்சு இலையை மறைச்சாரு. தனுஷ்கோடி அந்தக் கையைச் செல்லமா ஒரு தட்டு தட்டினாரு.

"அட, வாங்கிக்கோங்க, ஒண்ணும்..."

மண்டபமே ஒறஞ்சு போச்சு. செல்லக்கனி அத்தை முன்ஜாக்கிரதையா காலைத் தூக்கிட்டாங்க. பாய் மேசையைப் புடிச்சுக்கிட்டாரு. பேச்சிமுத்து அண்ணன் என் வாயைப் பொத்தினாரு, நான் பேசவே இல்ல.

தனுஷ்கோடி கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே மாமாவைப் பாத்தாரு. மாமா கண்ணு ரெண்டும் நெறஞ்சு இலையில சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

"ஏதாச்சும் ஆனா, ரெண்டு பேருக்கும் சேந்தே ஆகட்டும்"னாரு தனுஷ்கோடி.

அவியல் விழுந்துச்சு. மாமா இலையில இருந்து கையை எடுத்துட்டாரு.